தறப்பாள் புள்ளிகள்

பரந்தன் சந்தியில் ஆட்டோக்காரத் தம்பி நான் நீட்டிய தாளை வாங்கி ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பார்த்தான்.

"இது ரோட்டு மேப் இல்லையே அண்ணை."

இல்லைதான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 சாலை அதில் மெல்லிய கோடாக மட்டும் இருந்தது. கோட்டுக்கு வடக்கே ஒரு கட்டம். கிழக்கே கடலை ஒட்டி வெண்டைக்காய் போல நீளமாக ஒன்று. அதன் தென்கோடியில் நகத்தளவில் இன்னொன்று. 2009 ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், வன்னிச் சனம் இங்கே போய் இருக்கலாம் என்று இலங்கை அரசு ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்த மூன்று 'பாதுகாப்பு வலயங்கள்' அவை. முதலாவது ஏறக்குறைய 35 சதுர கிலோமீட்டர். இரண்டாவது 14. மூன்றாவது சுமார் 2.

"முல்லைத்தீவு மட்டும் 52 கிலோமீட்டர். ஒரு மணித்தியாலத்திலை கொண்டுபோய் விடுவன்."

"நின்று நின்று போக வேண்டும் தம்பி."

"அப்ப தூரத்துக்குக் காசில்லை, நேரத்துக்குத்தான்."

பேரம் அதோடு முடிந்தது. 2023 ஆகஸ்ட் மாதம். சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தம்பிக்கு வயது இருபத்து நான்கு. ஒரு மணி நேரத்தில் கடப்பேன் என்று சொன்ன இதே சாலையைப் பத்து வயதில் நான்கு மாதமாகக் கடந்தவன் அவன் என்பது பாதி வழியில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் தேடிப்போனது போர்க்களத்தை அல்ல. அந்த நாட்களில் பத்திரிகையில் வந்த ஒரு செயற்கைக்கோள் படம் என் மனதில் தங்கிவிட்டிருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதன்மேல் யாரோ கைதவறி அரிசியைச் சிந்தியதுபோல ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தறப்பாள். நாம் தார்ப்பாய் என்கிறோமே, அதுதான். வானத்திலிருந்து இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர்களை, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உலகம் ஏன் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தது? அந்தக் கேள்வியோடுதான் வவுனியாவில் ரயில் இறங்கினேன்.

முந்தின நாள் செட்டிகுளம் போயிருந்தேன். கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கமல்ல. வவுனியாவிலிருந்து அது பக்கம், அவ்வளவுதான். வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை முள்கம்பிக்குள் வைத்திருந்த மெனிக் பாம் முகாம் அங்கேதான் இருந்தது. 2009 டிசம்பர் வரை உள்ளே இருந்தவர்கள் தம் விருப்பப்படி வெளியே போய்வர முடியாது. 2012 செப்டம்பரில் மூடினார்கள். இப்போது காட்டுவதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை, பற்றையும் வெயிலும்தான். ஆனால் பெயர்கள் இன்னும் வாயில் இருக்கின்றன. முகாமின் வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, ராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயரை வைத்திருந்தார்கள். பொன்னம்பலம் ராமநாதனும் அருணாசலமும் உடன்பிறந்தவர்கள், குமாரசுவாமி அவர்களுடைய மாமன் மகன். கொழும்பின் செல்வக் குடும்பம் ஒன்றின் மூன்று பெயர்கள் கூடார வரிசைகளுக்குக் காவல் நின்றிருக்கின்றன. நடராஜர் சிலையின் தத்துவத்தை உலகுக்கு எழுதிச் சொன்னவரின் பெயரில் ஒரு முள்கம்பி வேலி! யோசித்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, இல்லையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தேநீர்க் கடை அக்கா ஒருவர், "நாங்கள் சோன் டூ, ராமநாதன்" என்றார். தன் பழைய தெருவைச் சொல்வதுபோல, சாதாரணமாக.

மெனிக் பாமின் வரைபடம் ஐநா ஏடுகளில் இருக்கிறது. கட்டம் கட்டமாக, கூடாரத்துக்கு எண், எண்ணுக்குக் குடும்பம், குடும்பத்துக்கு ஆள் கணக்கு. அப்பழுக்கில்லாத வரைபடம். அடைபட்டுக் கிடப்பவர்களை எண்ணுவதில் சிரமம் ஏது?

*

தருமபுரத்தில் ஒருவர் எங்களோடு ஏறிக்கொண்டார். கிளிநொச்சி நண்பர் ஒருவர் சொல்லிவைத்திருந்த ஓய்வுபெற்ற கிராம அலுவலர். எந்தப் பிரிவு என்று எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அரசாங்கத் தாளில் கிராம அலுவலர், ஆங்கிலம் கலந்தால் ஜீஎஸ், ஊர் வாயில் விதானையார். தமிழ்நாட்டு வாசகர்கள் நம்மூர் விஏஓவை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுப் பொருத்தம் இல்லை. நம்மூர்க்காரரிடம் முதலில் இருப்பது நிலத்தின் கணக்கு. விதானையாரிடம் இருப்பது ஆட்களின் கணக்கு.

வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல். என் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மூன்று கட்டங்களையும் விரலால் தொட்டார்.

"இது அவை கீறினது. நாங்கள் கீறினது வேறை."

நீங்கள் கீறியது எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் விசுவமடு தாண்டியும் நீண்டது.

2008இல் மன்னார்ப் பக்கமிருந்து போர் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்தது. மடு, விடத்தல்தீவு, மல்லாவி, துணுக்காய், அக்கராயன் என்று ஒவ்வோர் ஊராகக் கிளம்பிக் கிளிநொச்சிக்கு வந்தார்கள். செப்டம்பரில் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ஐநாவின் வெளிநாட்டு அலுவலர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று சனம் அவர்களுடைய வாசலில் நின்று கேட்டது. 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சியும் விழுந்த பிறகு எல்லோருக்கும் எஞ்சிய ஒரே சாலை இது. உழவு இயந்திரம், மாட்டு வண்டி, சைக்கிள், தலைச்சுமை. வீட்டுக் கூரையின் தகரத்தைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு, கதவு நிலையைப் பெயர்த்து எடுத்தவர்களும் உண்டு.

"சனம் ஓடேக்கை விதானையும் ஓடினதுதான். ஆனால் பிரிவு ஓடாது தம்பி. அக்கராயன் ஆள் மாத்தளன் மணலிலை கிடந்தாலும் அக்கராயன் ஆள்தான். அவருக்கு நிவாரணம் எழுத வேண்டியது அக்கராயன் விதானை. விளங்குதோ?"

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு தென்னந்தோப்பில் முந்நூறு குடும்பம் ஒதுங்கினால் அவர்கள் முப்பது விதானைகளின் ஆட்களாக இருப்பார்கள். ஒரு விதானையின் ஆட்கள் முப்பது தோப்பில் சிதறிக் கிடப்பார்கள். ஆகவே ஒவ்வொரு விதானையாரும் மற்றவர்களின் சனத்தை விலக்கிக்கொண்டு தன் சனத்தைத் தேடி நாள்முழுக்க நடக்க வேண்டும். கையில் ஒரு சீஆர் கொப்பி. குடும்பத் தலைவர் பெயர், அட்டை எண், ஆட்கள் எத்தனை, இருக்கும் இடம்.

"இருக்கும் இடம் என்ற பத்தியில் என்ன எழுதுவீர்கள் ஐயா?"

"என்னத்தை எழுதுறது? பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை, முறிஞ்ச பனைக்குக் கிட்ட, நீலத் தறப்பாள். அப்பிடித்தான். மற்றதெல்லாம் பேனாவாலை எழுதுவன். அந்தப் பத்தியை மட்டும் பென்சிலாலை."

"ஏன்?"

"அழிக்க வேணுமே. நாலைஞ்சு தரம் அழிச்சால் தாள் மெலிஞ்சு ஓட்டை விழுந்திடும். பிறகு வேறை தாள் ஒட்டி எழுதுறது."

அவர் சொன்ன அந்த மெலிந்த தாளைப்போல ஒரு வரைபடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

*

உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம். பெயர்ப் பலகைகள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வந்தன. இருபுறமும் தென்னை, ஆங்காங்கே தலையில்லாத பனை, புது ஓடு வேய்ந்த வீட்டுத்திட்ட வீடுகள், சைக்கிளில் பள்ளிவிட்டு வரும் பெண்பிள்ளைகள். சுதந்திரபுரம் சந்தியில் இறங்கி மரக்கறி ரொட்டி சாப்பிட்டோம். மிளகு தூக்கலாக, நன்றாக இருந்தது. அதைச் சொல்வதில் ஒரு கூச்சம் வருகிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

முதல் கட்டம் இங்கேதான். ஜனவரி 20ஐ ஒட்டி அறிவித்தார்கள், சாலைக்கு வடக்கே வந்துவிடுங்கள் என்று விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டார்கள். அதே நாட்களில் ஐநாவின் 11ஆவது உணவுத் தொடரணி புதுக்குடியிருப்புக்கு வந்து திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. அதில் வந்த சிலர் சுதந்திரபுரத்தில் உணவு வழங்கும் இடம் ஒன்றை அமைத்து, பக்கத்திலேயே பங்கர் வெட்டிப் படுத்தார்கள். அவர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சனம் வந்து சேர்ந்தது. ஐநா கொடி நிற்கும் இடத்தில் செல், அதாவது எறிகணை, விழாது என்பது அவர்கள் கணக்கு. இருக்கும் இடத்தின் ஜீபீஎஸ் எண்களை ராணுவத்துக்குத் தெரிவித்தும் இருந்தார்கள். ஜனவரி 23 இரவு தொடங்கி அந்த இடத்தில் செல் விழுந்தது. உடையார்கட்டில் பள்ளிக்கூடத்தில் இயங்கிய மருத்துவமனையும் தப்பவில்லை. ஐநா பொதுச்செயலர் நியமித்த வல்லுநர் குழு 2011இல் தந்த அறிக்கை, வன்னியில் ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் எறிகணைக்கு உள்ளானதாகச் சொல்கிறது. அவற்றில் பலவற்றின் ஜீபீஎஸ் எண்கள் ராணுவத்திடம் முன்னமே இருந்தன.

இருக்கும் இடத்தைச் சொன்னால் காப்பாற்றுவார்கள் என்பதுதான் வரைபடம் போடும் எல்லோருடைய நம்பிக்கையும். விதானையாரிடம் இதைக் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. ரொட்டி சுற்றிவந்த தாளை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் எல்லாரும் உண்மை சொல்லேல்லை" என்றார் பிறகு.

"நிவாரணத்துக்காகக் கூட்டிச் சொன்னார்களா?"

"குறைச்சுச் சொன்னவை."

விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. கடைசி மாதங்களில் ஒருவரோடு நிற்கவுமில்லை. வளர்ந்த பிள்ளையைத் தறப்பாளுக்கு அடியில் குழிவெட்டி ஒளித்து வைத்திருந்த தாய், விதானையாரின் கொப்பியில் அந்தப் பிள்ளையின் பெயர் ஏறுவதை விரும்பவில்லை. கொப்பியில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேர் என்பது இயக்கத்துக்கும் தெரிந்துவிடும். ஒருவர் பங்கு அரிசியை இழந்தாலும் பரவாயில்லை, மூன்று பேர் என்று எழுதுங்கள் ஐயா என்பார்களாம். எழுதினாராம்.

"அண்ணாவையும் அப்பிடித்தான் வைச்சிருந்தவை" என்றான் தம்பி, ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "மாத்தளனிலை பிடிச்சிட்டாங்கள்."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

*

புதுக்குடியிருப்பு இன்று கலகலப்பான பட்டணம். வங்கிகள், நகைக்கடை, கைப்பேசிக் கடைகள். ஊரைத் தாண்டினால் குளத்து நீரிலிருந்து எழுந்து நிற்கும் ராணுவ வீரனின் பெரிய வெற்றிச் சிலை. தெற்கிலிருந்து பேருந்தில் வரும் சுற்றுலாக் குடும்பங்கள் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

தேநீர்க் கடையில் பத்திரிகை கிடந்தது. ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட மனித எலும்புகள் பற்றிய செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விதானையார் அதை முழுக்க வாசித்துவிட்டு, செய்தி உள்பக்கம் போகும்படி மடித்து வைத்தார். பிளேன்ரீயை ஆற்றியபடி கணக்குச் சொல்லத் தொடங்கினார். ஆள் கணக்குதான்.

2008 அக்டோபரில் வன்னியில் 4,29,059 பேர் இருந்ததாகக் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், பதிவு. 2009 பிப்ரவரியில் அங்கே பணியில் இருந்த அரச அதிகாரிகள் இன்னும் சுமார் 3,30,000 பேர் இருப்பதாகக் கொழும்புக்கு எழுதினார்கள். எழுதியவர்கள் அரசின் சம்பளம் வாங்குகிற அரசின் ஊழியர்கள். அந்த எண் ஆதாரமற்றது என்று அரசு தள்ளிவிட்டது. எழுபதாயிரம் பேர்தான் என்பது அரசின் கணக்கு. ஏப்ரல் இறுதியில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, ஐயாயிரம் பேர், மிஞ்சினால் பத்தாயிரம் பேர்தான் எஞ்சியிருப்பார்கள் என்று தொலைக்காட்சிக்குச் சொன்னார். அதே நாட்களில் ஐநாவின் மதிப்பீடு ஒரு லட்சத்துக்கு மேல்.

இது வெறும் புள்ளிவிவரத் தகராறாக எனக்கு முன்பு தோன்றியிருந்தது. விதானையார் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு விளக்கினார். "எழுபதாயிரம் பேர் எண்டால் எழுபதாயிரம் பேருக்குத்தான் அரிசி. எழுபதாயிரம் பேருக்குத்தான் மருந்து. மிச்சச் சனம் கணக்கிலையே இல்லை. கணக்கில் இல்லாத ஆளுக்குப் பசிக்கக்கூடாது." ஜனவரிக்குப் பின் தரைவழியாகத் தொடரணி வரவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்திய கப்பல் காயக்காரரை ஏற்றிப்போக வரும்போது கொஞ்சம் உணவு கொண்டுவந்து இறக்கும். அந்தக் கொஞ்சத்தைத் தன் கொப்பியில் இருந்த குடும்பங்களுக்கு எப்படிப் பிரித்தார் என்பதையும் சொன்னார். கிலோ அளவில் தொடங்கிச் சுண்டு அளவுக்கு வந்து நின்ற கணக்கு அது.

போர் முடிவதற்குள் வெளியே வந்து பதிந்தவர்கள் 2,82,380 பேர். மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் போய், முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் 1,46,679 வருகிறதே, இவர்கள் எங்கே என்று கேட்டார். முதல் எண் கச்சேரியின் ஏட்டிலிருந்தும் இரண்டாவது ஐநாவின் ஏட்டிலிருந்தும் எடுத்தவை. ஆயர் செய்தது ஒரு கழித்தல் மட்டும். 2021இல் அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை.

"அந்த முதல் நம்பரிலை என்ரை கொப்பியும் இருக்கு" என்றார் விதானையார். பெருமையா, வேதனையா, பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

*

இரணைப்பாலை வழியாகப் போய் மாத்தளன் மணலில் ஆட்டோ திணறியது. இறங்கித் தள்ளினோம். சனம் பிப்ரவரியில் இந்த வழியாகத்தான், களப்பின் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், இரட்டைவாய்க்கால், முள்ளிவாய்க்கால் என்று தெற்கே இறங்கும் மணல் நாக்கு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் நந்திக்கடல். நடுவில் வெயிலை மறைக்கப் போதுமான மரமும் இல்லை.

மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது, சரியும். அதற்கு மூட்டை அடுக்க வேண்டும். சாக்குத் தீர்ந்தபோது சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். கடைசியில் கூறைச்சேலையும் பெட்டியிலிருந்து வந்தது. அந்தக் கரை முழுக்கப் பட்டுச் சரிகை மின்னும் மண்மூட்டைச் சுவர்கள் இருந்தன என்று விதானையார் சொன்னபோது, செயற்கைக்கோள் படத்தில் அதெல்லாம் தெரிந்திருக்காது என்பதுதான் என் நினைவுக்கு வந்தது.

ஜெனீவாவில் உள்ள ஐநாவின் செயற்கைக்கோள் பிரிவில் சிலர் கணினித் திரையில் இந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். முறை எளிமையானது. தறப்பாள்கள் எத்தனை என்று எண்ணுவது, ஒரு தறப்பாளுக்கு இத்தனை பேர் என்று பெருக்குவது. வாரம் மாறி எடுத்த படங்களை அடுக்கிவைத்தால் சனம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதும் தெரியும். புள்ளிகள் தெற்கே தெற்கே நெருங்கிப் போயின. நான் அச்செடுத்துப் போயிருந்த ஒரு படத்தைக் காட்டி விதானையாரிடம் கேட்டேன், ஒரு தறப்பாளுக்குச் சராசரியாக எத்தனை பேர்?

அவர் சிரித்துவிட்டார். அன்று முழுவதும் அந்த ஒருமுறைதான் சிரித்தார்.

"எந்த நேரத்திலை? சமைக்கேக்கையோ, செல் வரேக்கையோ?"

சமைக்கும்போது தறப்பாளுக்குக் கீழே ஆறு பேர். செல் வரும்போது தறப்பாளில் யாருமில்லை, பங்கருக்குள் மூன்று குடும்பம். உச்சி வெயிலில் அனலடிக்கும் தறப்பாளைவிட்டு வண்டி நிழலில் கிடப்பார்கள். செத்தவர்களை வைத்துக்கொண்டு அடக்கம் செய்ய நேரம் பார்த்திருந்த தறப்பாள்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைப் புள்ளி.

படம் எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே யாரையும் விடாதபோது அவர்களிடம் இருந்தது வானம் மட்டும். இன்று சூடானிலோ வேறெங்கோ இடம்பெயர்ந்தவர்களைக் குறிக்கும் வேலை எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு 2004இல் ஈராக்கில் தொடங்கிய ஒரு முறை இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அதன் அடிப்படை என்ன என்று பார்த்தால், ஊர்ப்பெரியவரிடம், பள்ளிக்கூட வாத்தியாரிடம், கோயில் பள்ளிவாசல் பொறுப்பாளரிடம் போய் உங்கள் இடத்தில் எத்தனை குடும்பம் வந்திருக்கிறது என்று கேட்டு எழுதுவது. சுற்றிச் சுற்றி ஒரு விதானையாரிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

ஏப்ரல் 20ஆம் தேதி ராணுவம் மாத்தளனில் மண் அரணை உடைத்து உள்ளே வந்தது. அடுத்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் களப்பைக் கடந்து வெளியேறினார்கள். அதற்கு முன்பு தப்பிக்க முயன்றவர்களை இயக்கம் சுட்டது. அதைச் சொல்லும்போது விதானையார் குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை. அவருடைய சனம் அன்று இரண்டாகப் பிரிந்தது. வடக்கே நின்றவர்கள் வெளியே. தெற்கே நின்றவர்கள் முள்ளிவாய்க்காலுக்கு. "கொப்பி நடுவாலை கிழிஞ்ச மாதிரி" என்றார். அவர் தெற்கே நின்றார்.

*

முள்ளிவாய்க்காலில் வெயில் சாய்ந்திருந்தது. ஆண்டுதோறும் மே 18இல் கூட்டம் கொள்ளாத நினைவிடத்தில் நாங்கள் போன நாளில் ஒரு மாடு படுத்திருந்தது. அரிசியும் உப்பும் தண்ணீருமாகப் போரின் கடைசி நாட்களில் குடித்த கஞ்சியை இப்போது ஒவ்வொரு மே மாதமும் தெருத்தெருவாகக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

கடற்கரையில் முன்பு ஒரு கப்பல் நின்றது. அரிசி ஏற்றிவந்த ஜோர்தான் நாட்டுச் சரக்குக் கப்பல், பரா 3 என்று பெயர், 2006 டிசம்பரில் இங்கே கரைதட்டியது. அரிசி அப்போதே இறங்கிவிட்டது. 2009இல் வெறும் இரும்புக் கூடு பசித்த சனத்துக்கு முன்னால் நின்றிருக்கிறது. போருக்குப் பின் அதையும் வெட்டிப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். "கப்பலுக்கு நேரை, ரோட்டிலிருந்து நூற்றைம்பது அடி" என்பது அந்த நாட்களில் ஒரு முகவரி. இப்போது கப்பல் இல்லை. முகவரியும் இல்லை.

மே 8ஆம் தேதி மூன்றாவது கட்டத்தை அறிவித்தார்கள். மே 6இலும் 10இலும் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஓர் அமெரிக்க அறிவியல் கழகம் ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் படத்தில் நெருக்கியடித்து நின்ற தறப்பாள்கள் இரண்டாவதில் பெரும்பாலும் காணவில்லை. நான்கு நாள் இடைவெளி. என்னிடம் அந்தப் பகுதியின் படம் ஒன்றின் அச்சுப் பிரதி இருந்தது.

"கொப்பி என்ன ஆனது ஐயா?"

பங்கருக்குள் வைத்தாராம். பொலித்தீன் பையில் சுற்றி, மூட்டைக்கு அடியில். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து போகும்போது எழுத்து எதுவும் கையில் இருந்தால் வில்லங்கம் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கொப்பியில் இயக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளும் இருந்தன, பிள்ளையை ஒளித்த வீடுகளும் இருந்தன. மே 17 காலையில் மூடிவிட்டு நடந்தார். பிறகு அருணாசலம் முகாமில் பதியும்போது உங்கள் பிரிவில் எத்தனை குடும்பம் என்று ஓர் அதிகாரி கேட்டிருக்கிறார். மனப்பாடமாகச் சொன்னாராம். அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு தடவை இங்கே வந்து தேடியிருக்கிறார். அடையாளத்துக்கு வைத்த இரண்டு பனையில் ஒன்று விழுந்துவிட்டது, மற்றது எது என்று தெரியவில்லை. காற்று மணலை இடம் மாற்றியிருக்கிறது. ராணுவம் தோண்டியிருக்கிறது, கண்ணிவெடி எடுத்தவர்கள் தோண்டியிருக்கிறார்கள், பழைய இரும்பு பொறுக்கியவர்கள் தோண்டியிருக்கிறார்கள்.

அச்சுப் பிரதியை அவரிடம் நீட்டினேன். மணலில் குந்தி உட்கார்ந்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையை முழங்காலால் அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சாலையைக் கண்டுபிடித்தார். கப்பலைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்திப் புள்ளிகளுக்குள் போனார்.

"பென்சில் வைச்சிருக்கிறியளோ தம்பி?"

பேனாதான் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவருடைய சட்டைப் பையிலும் ஒரு பேனா இருந்தது. இரண்டையும் தொடவில்லை. கட்டைவிரல் நகத்தை ஒரு புள்ளியின்மேல் வைத்து அழுத்தினார், தாளில் பிறைபோல ஒரு தடம் விழுந்தது. கொஞ்சம் யோசித்தார். இரண்டு புள்ளி தள்ளி இன்னொன்றின்மேல் அழுத்தினார். பிறகு அதற்கும் பக்கத்தில்.